தாய்மாமன் இல்லாத காதுகுத்து

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்த ஊசி, தோடு, பத்தர் எல்லாம் பிற்பாடுதான். முதலில் தாய்மாமன் வேண்டும். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். என் அம்மாவுக்கோ அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒரே ஒரு தங்கை. அந்தச் சித்தி ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள்.

ஜெயங்கொண்டத்தில் உரக்கடை வைத்திருந்த ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்பது பெரியப்பாவின் கட்சி. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை; தன் தங்கை மடியில்தான் குத்த வேண்டும் என்று நின்றாள். இருவருக்கும் வருஷக்கணக்கில் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான்.

"கல்யாணம் ஆவாத பொம்பளப்புள்ள மடியில வச்சுக் காது குத்துனதா எங்கயாவது கேட்டிருக்கியாம்மா?" என்பார் பெரியப்பா.

"கேட்டதில்லீங்க மாமா. இனிமே கேப்பாங்க."

பிறந்த வீட்டில் ஆம்பளை இல்லாதவள் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவின் காதுபடப் பேசியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா அதை என் இரண்டு காதுகளை வைத்தே மூடிவிடலாம் என்று இருந்தாள். நடுவில் நான்தான் ஏழு வயதாகியும் மூளிக் காதோடு குன்னத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கூடப் படித்த பெண்கள் என்னை மூளி என்றே கூப்பிட்டார்கள். எனக்கு மாமனாவது சித்தியாவது, யார் மடியானாலும் சரி, ஜிமிக்கி போட்டால் போதும்.

அந்தக் கோடையில் சித்தி லீவில் வந்தாள். குலதெய்வம் கோவிலில் நாள் குறித்தாகிவிட்டது. பத்தருக்குச் சொல்லி, கிடாயும் பிடித்துக் கட்டியாகிவிட்டது. சித்தி என்னை மடியில் போட்டு ஒத்திகை எல்லாம் பார்த்தாள். காது மடலை நுனி விரலால் தடவி, "இங்க குத்துனா வலிக்காது, இங்க குத்துனாத்தான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, வலிக்கும் இடத்திலேயே செல்லமாகக் கிள்ளுவாள். அவள் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அப்புறம் தந்தி வந்தது. தந்தி என்றால் எங்கள் ஊரில் சாவு என்று அர்த்தம். பிரிப்பதற்கு முன்பே அத்தை மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். சித்திதான் வாங்கிப் படித்தாள். லீவு ரத்து, உடனே திரும்பவும் என்று இருந்தது. கார்கிலில் சண்டை மூண்டிருந்தது.

"இன்னும் நாலு நாளு இருந்து, காதுகுத்து முடிச்சிட்டுப் போயேன். நீ இல்லாம அங்க சண்ட நின்னா போயிடும்?" என்றார் பெரியப்பா.

"அடிபட்டு வர்றவங்க நாள் பாத்தா வராங்க மாமா?" என்றாள் சித்தி. தட்டில் இருந்த சோற்றை மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அப்பா அவளை அரியலூரில் ரயிலேற்றிவிட்டு வந்தார்.

பெரியப்பா விடவில்லை. நாள் குறித்ததை மாற்றக் கூடாது, உரக்கடை மாமனுக்குச் சொல்லிவிடலாம் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"எந் தங்கச்சி வரட்டுங்க மாமா," என்றாள் அம்மா.

"வரலன்னா?"

கேட்டுவிட்ட பெரியப்பாவுக்கே சங்கடமாகப் போய்விட்டது போலிருக்கிறது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா, "வரலன்னா எம் பொண்ணு மூளியாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜிமிக்கிக்காக.

அதன்பிறகு ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பாள். சண்டை முடிந்தது என்று சொன்ன பிறகும் சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. மக்காச்சோளம் விதைத்து, கதிர் ஒடித்து, காட்டில் வெங்காயமும் பிடுங்கியாகிவிட்டது. தை மாதம்தான் வந்தாள்.

இளைத்திருந்தாள். தெருக்கோடி வரை கேட்கும் அந்தச் சிரிப்பைக் காணோம். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டைக் கதை கேட்க உட்கார்ந்தார். "ஹெலிகாப்டர்ல கொண்டாந்து எறக்குவாங்க மாமா. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்க" என்றாள். அவ்வளவுதான். பெரியப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

கோவிலில் காதுகுத்து நடந்தது. அம்மா ஜெயித்துவிட்டாள். தாய்மாமனுக்கு வாங்கி வைக்கும் புதுத் துண்டை எடுத்து, பட்டுச் சேலை கட்டியிருந்த தங்கையின் தோளில் போட்டாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் காதுக்கு நான் போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன், குனிந்து என்னிடம் ரகசியம் சொன்னான். "செத்தவங்களுக்கு வலிக்காதுடி. மூச்சப் புடிச்சிக்கிட்டு செத்தவ மாரி கெட."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கண்ணை மூடினேன். மூச்சை அடக்கினேன். கழுத்தைத் தளர்த்தித் தலையைச் சித்தியின் கை மேல் தொங்கவிட்டேன். சுருக்கென்று இறங்கியது. வாயைத் திறக்கவில்லை. "பாரேன், சத்தத்தையே காணோம்" என்று யாரோ மெச்சினார்கள். நான் இன்னும் நன்றாகச் செத்தேன்.

என் கையைப் பிடித்திருந்த சித்தியின் கை நழுவியது. தாடைக்குக் கீழே கழுத்தில் இரண்டு விரல்கள் வந்து அழுத்தின. பிறகு, நான் கேட்டே இராத ஒரு குரல்.

"பேட்டா, ஆங்க் கோலோ. ஆங்க் கோலோ, பேட்டா."

யாருக்கும் புரியவில்லை. இந்தியில் ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் தெரிந்தது; 'கண்ணைத் திற, மகனே' என்று அர்த்தம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். தோளில் கிடந்த புதுத் துண்டைச் சுருட்டி என் காதில் வைத்து அழுத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கும். அதற்கு அப்படி ஒரு அழுத்து. ஊசி குத்தியதைவிட அதுதான் வலித்தது. மேளம் நின்றது. எனக்கு மூச்சு முட்டியது. கண்ணைத் திறந்தேன்.

சித்தியின் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. நான் யார் என்று அவளுக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு என்னை அப்படியே மார்போடு சேர்த்துக்கொண்டு, எழவு வீட்டில்கூட நான் கேட்டிராதபடி அழுதாள்.

"அக்கா, இவ தொறந்துட்டாக்கா! இவ கண்ணத் தொறந்துட்டா!"

"ஒரு சொட்டு ரத்தத்துக்கே இந்தக் கூத்து. இவளயா பட்டாளத்துல வச்சிருக்கான்?" என்றார் பெரியப்பா. "இதுக்குத்தான் ஆம்பள மடி வேணும்னேன்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முதல் காதில் மாட்டியிருந்த ஜிமிக்கி ஆட ஆட நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பட்டுச் சேலையோடு வெறும் மண்ணில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் திறந்ததற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா? தினமும் காலையில் எல்லாரும் திறப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.