ஜவாஹிர் தன் அழுகைக்கு டொக்டர் தேடிய கதை

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடிய லோஞ்சில் ஏறியவர்களுக்கு ஜவாஹிரைத் தெரியாமல் இருக்க வழியில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நெட்டை மனிதர் கொட்டியாரக் குடாவைக் கண்ணை மூடிக்கொண்டே கடப்பார் என்பார்கள். மூடினால் பாதகமில்லை. அந்தக் கண் அழத் தொடங்கினால்தான் வில்லங்கம்.

எதற்கு அழுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிள்ளை பெற்ற ஒருத்தி கைக்குழந்தையோடு வீடு திரும்பினால் அழுவார். தோப்பூர் வியாபாரி கட்டி ஏற்றிய கிடாய் கத்தினால் அழுவார். ஒருநாள் ஒரு பெண் தன் புருஷனுக்குச் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் அழுதார். சத்தம் இருக்காது, கண்ணீர் தன்பாட்டில் தாடிக்குள் இறங்கும். சுக்கான் பிடிக்கிறவன் அழுதால் ஏறியிருக்கிறவன் என்ன நினைப்பான்? கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், அவருடைய முகத்தைப் பார்த்த கிழவர் ஒருவர் லோஞ்சு தாழப்போகிறது என்று கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். பயணிகளில் அரைவாசிப் பேர் எழும்பி ஒரே பக்கம் சாய, லோஞ்சு உண்மையிலேயே தாழப் பார்த்தது.

ஊருக்கு இது நல்ல பகிடி. ஜவாஹிரும் சேர்ந்து சிரித்தார், மூத்த மகள் ஸுல்பிகாவின் நிக்காஹ் வரைக்கும்.

நிக்காஹில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சாட்சிகள் கேட்கச் சொல்லவேண்டும். ஜவாஹிர் கையைப் பிடித்தார், வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. விம்மல் அடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழும்பி, வாப்பாவுக்குச் சம்மதம் இல்லைப்போல என்றார். எங்கள் சபைகளின் ஞாயத்தைப் பாருங்கள்: பெண் வாய் திறக்காவிட்டால் சம்மதம், வாப்பா கண் கலங்கினால் மறுப்பு! கடைசியில் ஜவாஹிர் தலையை ஆட்டிப் பொறுப்புக் கொடுக்க, அவருடைய மனைவியின் அண்ணன் ஆதம்பாவா அவருக்குப் பதிலாக இருந்து அந்த வசனத்தைச் சொல்லி முடித்தார்.

ஆதம்பாவா கல்லில் நார் உரிக்கிற மனிதர். தங்கை நஜ்முன் நிஸா மௌத்தான பிறகு தாயில்லாப் பிள்ளைகள் இரண்டையும் தன் மனைவி சுபைதாவோடு சேர்ந்து வளர்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. மூதூரில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார்.

“மகள் எங்கடா போறாள்? நாளைக்கும் உனக்குச் சோறாக்கப் போறது அவள்தானே. என்னத்துக்கு அழுற?”

“தெரியாது மச்சான்” என்றார் ஜவாஹிர். அது பொய்யில்லை.

எழுபத்தேழாம் வருஷம் இளையவள் ஸல்ஹாவுக்குத் தோப்பூர் தாஹிரைப் பேசி முடித்தார்கள். பேச்சு முடிந்த கையோடு ஆதம்பாவா, “இந்த முறையும் நானே சொல்லிவிடுறன். நீ பின்னுக்கு இரு” என்றார். ஜவாஹிருக்குப் பாரம் இறங்கினமாதிரி இருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த ஸல்ஹாவின் காதில் அது விழுந்தது.

“ராத்தாட நிக்காஹ்ல வாயத் திறந்தாவது அழுதீங்க. எனக்கு அதுவும் இல்லையா வாப்பா?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். அந்தக் கிழமை முழுக்க வாப்பாவோடு கதைக்கவில்லை.

ஸல்ஹா கோபப்படுகிற பிள்ளை இல்லை. நிக்காஹுக்கு நாலைந்து மாதம் இருந்தது. அதற்குள் இந்த அழுகைக்கு ஒரு மருந்து தேடி, மகளின் நிக்காஹை என் வாயால்தான் சொல்லுவேன் என்று ஜவாஹிர் முடிவெடுத்தார்.

முதலில் பரிசாரியிடம் போனார். கண்ணில் நீர் கோர்த்திருக்கிறது என்று பரிசாரி ஒரு சாறு பிழிந்து விட்டார். எரிச்சல் தாங்காமல் இரண்டு நாள் கூடுதலாக அழுததுதான் மிச்சம். பிறகு பள்ளிவாசல் லெவ்வை ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். “குடிச்ச தண்ணியும் கண்ணாலதான் வருது” என்றார் ஆதம்பாவா. திருகோணமலை டவுனில் கண் பார்க்கிற டொக்டர் லைட் அடித்துப் பார்த்து, இந்த வயதில் இப்படி நல்ல கண்ணை நான் கண்டதில்லை என்று அனுப்பிவிட்டார்.

வழிகாட்டியது லோஞ்சில் வந்த கமலேஸ்வரி. மூதூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்து, கிழமை முடிவில் டவுனுக்கு வீடு போகிற நர்ஸ். கொஞ்ச நாளாக அவரைக் கவனித்துக்கொண்டு இருந்தவள், ஒருநாள் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நானா, உங்களுக்குக் கண்ணில ஒண்டும் இல்லை. மாசத்தில ஒருக்கா பெரியாஸ்பத்திரிக்கு ஒரு டொக்டர் வாறவர். இரத்தினசிங்கம் எண்டு. மனசுக்குப் பாக்கிறவர்.”

ஜவாஹிர் சுக்கானை விடாமல் திரும்பிப் பார்த்தார். “அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவாரா மிஸ்?”

“சீச்சீ. அது வேற. இவர் இருந்து கதை கேப்பார்.”

“என்ன கதை?”

“உங்கட கதை.”

“அதுக்கெண்டு படிச்சவரா?”

“ஓம், லண்டனுக்குப் போய்ப் படிச்சவர்.”

கதை கேட்பதற்கு ஒரு மனிதன் கப்பலேறி லண்டனுக்குப் போய்ப் படித்தான் என்பது ஜவாஹிரைப் பிடித்து ஆட்டியது. மூதூரில் கதை கேட்கிறவர்களுக்கா பஞ்சம்? யோசித்துக்கொண்டே போனவருக்குப் பாதிக் கடலில் ஒன்று புரிந்தது. கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற ஆள் ஒருவர்கூட ஊரில் இல்லை. பயத்தை விட ஆசை கூடிவிட்டது. அந்த மனிதர் எப்படித்தான் கேட்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நோயோடு போகிற வருத்தக்காரனுக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரன் இருந்து, வருத்தத்தை அவன்தான் சொல்லவேண்டும். கலியாணத்துக்குத் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஆதம்பாவாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்கில் இருந்த எவரும் வருத்தக்காரர் இல்லை. கேட்டால் எல்லாரும் வேறு யாருக்காகவோ வந்தவர்கள். ஒருத்தி வெயிலே படாத இடத்தில் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தாள். ஆதம்பாவா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துப் பெயர் எழுதுகிறவன் வந்தான். அதே நேரம் விறாந்தையின் கோடியில் மூதூர் ஆட்கள் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஜவாஹிருக்கு மூளை பிசகிவிட்டது. பேர் என்ன என்று கேட்டதற்கு, “ஆதம்பாவா” என்றார்.

ஆதம்பாவா திரும்பி வந்து இருந்ததும் இருக்காததுமாக உள்ளே இருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். வருத்தத்தைச் சொல்லத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்தார். “நீ இரு, நான் விளங்கப்படுத்திட்டு வாறன்” என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

ஜவாஹிர் காத்திருந்தார். நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டியவர் வரவில்லை. குடைக்காரிக்குக் கை உளைந்து, குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். கடைசியில் கதவு திறந்தது. வெளியே வந்த ஆதம்பாவா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண் இரண்டும் கொவ்வைப் பழம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

“என்ன கேட்டார்?” என்றார் ஜவாஹிர்.

“நித்திரை வருதா எண்டு கேட்டார். வருது எண்டன். யாரையாவது நினைச்சா வராமப் போறதா எண்டு கேட்டார்.” ஆதம்பாவா வாங்கில் இருந்தார். “தங்கச்சிட பேரைச் சொல்லிப்போட்டன்டா.”

நஜ்முன் நிஸா ஸல்ஹாவைப் பெற்று மூன்றாம் நாள் மௌத்தானாள். ஐம்பத்தேழாம் வருஷம் அது. மய்யித்தின் தலைமாட்டில் நின்ற ஜவாஹிரின் தோளைப் பிடித்து, கண்ணீர் மய்யித்தில் படக்கூடாது, ஆம்பிளை அழுதால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று சொன்னவர் ஆதம்பாவா. ஜவாஹிர் அன்று அழவில்லை. அதன் பிறகு அவளுடைய பெயரை இரண்டு பேரும் வாயில் எடுக்கவும் இல்லை. இருபது வருஷம் ஒரே வீட்டுக்குள் புழங்கியும் எடுக்கவில்லை!

“போ” என்றார் ஆதம்பாவா. “உன்ட பேரைச் சொல்லிட்டு உள்ள போ.”

டொக்டர் இரத்தினசிங்கம் மெலிந்த மனிதர். கதிரையைக் காட்டினார்.

“முதல் வந்தவர் உங்கட மச்சானோ?”

“ஓம் ஐயா. பயத்தில பேரை மாத்திச் சொல்லிப்போட்டன்.”

“பரவாயில்லை, அவர் வந்ததும் நல்லது. நீங்கள் சொல்லுங்கோ. அழுகை வர முதல் என்ன நடக்குது?”

இப்படி ஒரு கேள்வியை ஜவாஹிரிடம் எவரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டார்கள், வெட்கமில்லையா என்று கேட்டார்கள். முதல் என்ன நடக்கிறது என்று அவரே பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு வாங்கோ என்று டொக்டர் அனுப்பினார். மருந்துக் குளிசை கேட்டதற்கு இல்லை என்றுவிட்டார். அதில் ஜவாஹிருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போனார். இடையில் கிடைத்த நாளெல்லாம், இயந்திரத்தில் புதுச் சத்தம் கேட்டால் காது கொடுப்பதைப்போலத் தன் அழுகைக்குக் காது கொடுத்தார். ஒருவரை ஒருவர் பராமரிப்பதைக் கண்டால் தொண்டை அடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். சோற்றுப் பார்சல், கைக்குழந்தை எல்லாம் அதற்குள் அடங்கின.

“அந்தக் கிடாய்?” என்று டொக்டர் கேட்டார்.

“அது சும்மா பாவம் ஐயா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் ஜவாஹிர் தன் மனைவியைப் பற்றி முழுவதும் சொன்னார், வாய் விட்டு அழுது அழுது சொன்னார். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. முடிந்த பிறகு, “இதை வீட்டில ஆருக்குச் சொன்னனீங்கள்?” என்று கேட்டார்.

“உங்களுக்கு மட்டும்தான்.”

“எனக்குச் சொன்னது பழகிறதுக்கு. கேக்க வேண்டிய ஆள் வீட்டில இருக்கு.”

நிக்காஹுக்கு முந்திய கிழமை, ஸல்ஹா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜவாஹிர் போய்ப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தார்.

“உன்ட உம்மாவப் பத்திக் கதைக்கணும் மகள்.”

துருவுகிற கை நின்றது. ஸல்ஹா நிமிராமலே கேட்டாள்.

“என்னாலதானே உம்மா மௌத்தான. அதாலயா என்னைப் பாக்காமலே இருக்கிறீங்க?”

“ஆரு மகள் அப்படிச் சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல வாப்பா. எனக்கு ஆருமே ஒண்டும் சொல்லல்ல.”

இருபது வயது வரைக்கும் அந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதை நினைத்து அவர் தன்னையே வெறுத்தார். பிறகு சொன்னார். அந்த மூன்று நாளும் நஜ்முன் நிஸா பிள்ளையைக் கீழே விடவில்லை. என்ட கறுப்பி, என்ட கறுப்பி என்று கொஞ்சினாள். காய்ச்சல் கூடின நேரத்திலும், பிள்ளைக்குக் குளிரப்போகுது என்று தன் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

“உன்னைப் பாக்கக்குள்ள அவள் நினைவு வந்திரும். அழுதிருவனோ எண்டு பயந்து உன்னைப் பாக்காம இருந்தன். அது என்ட பிழை. உன்ட பிழை ஒண்டும் இல்ல மகள்.”

அன்றைக்கு அந்த வீட்டில் பகல் சோறு பிந்தித்தான் ஆனது.

நிக்காஹ் அன்று ஜவாஹிர் முன்னுக்கு இருந்தார். தாஹிரின் கையைப் பிடித்தார். வந்துவிட்டது, அதே அழுகை. தோப்பூர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சாய்ந்து, “சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பப்படாது எண்டு சும்மாவா சொன்னாங்க” என்றது சபைக்கே கேட்டது. பதிவுகாரர் பேனையை வைத்துவிட்டு, “வாப்பாக்குச் சம்மதம்தானா?” என்றார். ஆதம்பாவாவை எல்லாரும் பார்த்தார்கள். அவர் எழும்பவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. மணப்பெண்ணின் குரலை நிக்காஹ் சபையில் மூதூர் அதற்கு முதல் கேட்டதில்லை.

“எங்கட வாப்பா அழுதுட்டுத்தான் சொல்லுவார். கொஞ்சம் பொறுங்க.”

பெண்கள் ஸல்ஹாவின் வாயைப் பொத்துகிற சத்தமும் கேட்டது. தாஹிர் கையை இழுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். ஜவாஹிர் முகத்தைத் துடைக்காமல் அழுது முடித்தார். பிறகு, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“நஜ்முன் நிஸா பெத்த என் மகள் ஸல்ஹாவை உமக்கு மணமுடித்துத் தந்தேன்.”

“உம்மாட பேர் தேவையில்ல” என்றார் பதிவுகாரர்.

“இருக்கட்டும்” என்றார் ஆதம்பாவா, சால்வையைக் கண்ணில் வைத்துக்கொண்டு. “அது இருக்கட்டும்.”