உள்ளங்கைப் பக்கம்

சந்தையில் ஐந்து கிலோ என்று கையால் காட்ட நேர்ந்தால் அர்கிரிஸ் மாமா உள்ளங்கையைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொள்வார். வாங்க வந்தவருக்குப் புறங்கைதான் தெரியும். நகக்கண்ணில் தக்காளிச் செடியின் பச்சை. விரித்த உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது எங்களிடம் காறித் துப்புவதற்குச் சமம். எங்கள் ஊரான லாரிசாவில் நடை பழகும் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஃபோட்டிஸை மாமா அடித்தது அதற்காகத்தான்.

சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நின்று மாமா படுதோல்வி அடைந்திருந்தார். மறுநாள் காலை காப்பிக்கடைக் கதவைத் திறந்தவருக்கு எதிரே ஒரு கை, ஐந்து விரலும் விரிந்து, உயர்ந்தது. கைக்குச் சொந்தக்காரர் ஃபோட்டிஸ். மாமாவின் கல்யாணத்தில் மணமுடி மாற்றிவைத்தவர், மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவைக் கும்பாரோ என்போம். கூடப் பிறந்தவனை அடித்தால்கூட ஊர் மறந்துவிடும், கும்பாரோவை அடித்தால் மறக்காது. ஒரே அடிதான். ஃபோட்டிஸின் முன்பல் மேஜைக்கடியில் உருண்டது. ஜன்னலோரம் கவிதைத் தொகுப்போடு உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

ஃபோட்டிஸ் போலீஸுக்குப் போனார். மாமா என் மாடி அறைக்கு வந்து கட்டிலில் ஒடுங்கிக்கொண்டார். அன்றும் மறுநாளும் சிக்காமல் இருந்துவிட்டால் உடனடிக் கைது கிடையாது; அப்புறம் சம்மன் வரும்போது போனால் போதும். எங்கள் ஊரில் கைகலந்தவர்களுக்கெல்லாம் இப்படி ஒளிய ஒரு அறை உண்டு.

மறுநாள் மத்தியானம் வக்கீல் ஸ்மாரோ மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மாமாவிடம் வருஷக்கணக்காகக் கத்தரிக்காய் வாங்குகிறவர்.

"என்ன தலைவரே, சந்தை கெடைக்கலன்னு கட்டில ஆள்றீங்களா?"

"கிண்டல் வேண்டாம்மா."

"சரி. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. எங்கிட்ட மறைச்சா கோர்ட்ல நான்தான் முழிக்கணும்."

"எம் மூஞ்சிக்கு நேரா கைய விரிச்சாம்மா. கடை நெறைய ஆளு."

"அப்ப வழி இருக்கு. அவமானப்படுத்தினான், ஆத்திரத்துல அடிச்சிட்டீங்க. நாமளும் எதிர்ப்புகார் கொடுப்போம். அவங்களே ராஜிக்கு வருவாங்க. சாட்சி யாரு?"

மாமா என்னைக் காட்டினார். "இவன்தான். வாயி கெடையாது, ஆனா கண்ணு ரெண்டும் ஊரு மேலதான்."

பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் குரல் உள்ளே போய்விடும். அன்றும் போனது.

"சத்தமா சொல்லு தம்பி."

"கைய விரிச்சாரு. ஆனா மாமாவப் பாத்து இல்ல. மாமாவுக்குப் பின்னாடி, வாசல்ல, காப்பிக்கடை லாம்ப்ரோஸ் தட்டோட நின்னாரு. அவருகிட்ட 'அஞ்சு காப்பி, அளவா சக்கர'ன்னாரு."

"சொன்னானா?" என்றார் மாமா.

"சொன்னாரு மாமா. இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கல போல."

மாமா வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"அந்தக் கழுதையும் கைய திருப்பிக் காட்டித் தொலைச்சிருக்கலாம்," என்றார் ஸ்மாரோ. "சரி, எதிர்ப்புகார் போச்சு. பொய்யின்னு தெரிஞ்சப்புறம் நான் எழுத மாட்டேன். ஆனா இன்னிக்கு நாள் முடியறவரைக்கும் இங்கயே இருந்தீங்கன்னா கையில விலங்கு மாட்டாம தப்பிக்கலாம்."

"கும்பாரோவ அடிச்சிட்டுக் கட்டில்ல ஒளிஞ்சிருந்தான்னு எம் பொண்ணு கேக்கணுமா? வாங்க, போலாம்."

"போலாம். ஸ்டேஷன்ல என்னக் கேக்காம வாயத் தொறக்கக் கூடாது. ஃபோட்டிஸ் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. மெரட்டினதா ஆயிடும்."

"மன்னிப்புக் கேக்கக்கூடவா?"

"அத நான் கொண்டுபோறேன். என் வாயில கெட்டுப்போயிடாது."

அடுத்த நாள் சந்தை நாள். மணிக்கட்டு விலங்கின்மேல் சட்டையைப் போர்த்தியபடி மாமா சந்தை வழியாக அரசு வக்கீல் முன் நிற்கப் போனார். தெரிந்த கடைக்காரர்கள் எல்லாரும் குனிந்து காய்களை அடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தந்த மரியாதை அது, அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்கும். கோர்ட்டில், ஸ்மாரோ தலையசைத்த பிறகு, "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னார். தண்டனை கொடுத்து, சிறைக்கு அனுப்பாமல் அதை நிறுத்திவைத்தார்கள். மன்னிப்பை ஃபோட்டிஸ் ஏற்றுக்கொண்டதாக ஸ்மாரோ சொன்னார். இருந்தும் மாமா அந்தக் காப்பிக்கடைத் தெருவையே விட்டுவிட்டார்.

குளிர் தொடங்கியபின் ஒருநாள் என் மேஜையைத் துடைத்துக்கொண்டே லாம்ப்ரோஸ் சொன்னார்: "அன்னிக்கு ஃபோட்டிஸ் மேஜையில இருந்தது நாலு பேருதான். உங்க மாமா கதவத் தொறக்கறதப் பாத்துட்டுத்தான் அவருக்கும் ஒண்ணு சேத்து அஞ்சுன்னாரு."