சம்மந்தி கண்ட பல் உறை

எழுபது வயதிலும் என் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பற்கள். தூக்கத்தில் நறநறவென்று கடித்துத் தேய்க்கிறேன் என்று, இரவில் மாட்டிக்கொள்ள ஈப்போ பல் டாக்டர் பல்வரிசை வடிவில் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்.

லகாட்டில் மகளின் மாமியார் வீட்டில் தங்கியபோது, கட்டுப்பல் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதை ஒளித்தே வைத்திருந்தேன். காலையில் குழாயடியில் கழுவும்போது சம்மந்தியம்மா பின்னால் வந்து நின்றார். நான் மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

“அட, ஒங்களுக்கும் கட்டுப்பல்லா சம்மந்தி? நான் ஒருத்திதான்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்லா!”

எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர், அன்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஆமா சம்மந்தி, வயசாச்சுல்ல” என்றேன்.

இப்போது ஒரே பயம், என் மகள் உண்மையை உளறிவிடுவாளோ என்பதுதான்.