நைனாவின் மாத்திரை, என் கார்டு

நைனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று சித்தூரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். போன பிறகுதான் அவருடைய ஆஸ்பத்திரிக் கார்டு வீட்டு பீரோவில் இருப்பது தெரிந்தது. புதுக் கார்டு போடும் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. நைனாவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. என் கார்டு குழந்தையின் டயப்பர் பையில் இருந்தது.

“ஒன் கார்டக் குடுத்துடு. கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியப்போவுது?” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ஒரு கார்டில் நாலு பேர் வைத்தியம் பார்ப்பது வழக்கம். தப்பு என்று தெரிந்தும் கொடுத்தேன். டாக்டர் நைனாவின் இடுப்பைத்தான் பார்த்தார். திரையில் சிவப்பாக எதுவோ வந்ததை, கொசுவை விரட்டுவது போல் ஒரு தட்டு தட்டி மூடிவிட்டு, பலமான வலி மாத்திரை எழுதினார். சீட்டில் ‘வயது 28, பெண்’ என்று அச்சாகியிருந்தது.

“பாத்துக்கோ! இனிமே என்னக் கெய்வன்னு சொல்லாத” என்று நைனா அதை அம்மாவிடம் நீட்டினார்.

மூன்றாம் நாள், நான் வாழும் திருப்பதியில் எனக்குக் காது வலி. அதே ஆஸ்பத்திரியின் கிளைக்குக் குழந்தையோடு போனேன். டாக்டரம்மா எனக்கு மருந்து தட்டியதும் திரை நிறையச் சிவப்புப் பெட்டி.

“பாலிஸ்துன்னாராம்மா?” என்றார். பால் கொடுக்கிறாயா என்று.

தலையாட்டினேன். சித்தூரில் எழுதிக் கொடுத்த அபின் வகை வலி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு பாலும் கொடுக்கிறாயா, குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டால் என்ன செய்வாய் என்று தெலுங்கில் ஒரு பிடி பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை கொட்டாவி விட்டது. நான் கேஸை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவள். அந்த மாத்திரையை நான்தான் சாப்பிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. உண்மையைச் சொன்னால் நைனாவுக்கு மாத்திரை கிடைக்காமல் போகுமோ என்று இன்னொரு பயம்.

“மேடம், அந்த இடுப்பு எங்க நைனாவுது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நைனாவின் போன் நம்பரை வைத்து அவருடைய பதிவைத் திறந்து, மாத்திரையை அதில் ஏற்றினார். மறுபடியும் சிவப்புப் பெட்டி. நைனா ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு குறைந்துவிடும். அவர் பெயரில் எழுதியிருந்தால் அன்றைக்கே இது எச்சரித்திருக்கும் என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நைனா எங்கம்மா?”

“தூங்கினு இருக்காரு. ரெண்டு நாளா இன்னா தூக்கம்ன்ற!”

“எய்ப்பு!”

“இப்பத்தான்டி துன்னுட்டுப் படுத்தாரு.”

“எய்ப்பும்மா!”

உலுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் மாறியது. “எய்ந்துக்க மாட்டன்றாருடி.”

“மூஞ்சில தண்ணி ஊத்து!”

சொம்பு உருண்டது. பிறகு நைனா எங்கள் சர்ச்சில் யாரும் கேட்டிருக்க முடியாத வார்த்தைகளில் ஆரம்பித்தார்.

“மூச்சு நன்றாகத்தான் போகிறது” என்றார் டாக்டரம்மா. இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, உடனே சித்தூர் கிளைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். போய்ச் சேரும் வரை தூங்க விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டுமாம்.

அம்மா அவரை ஆட்டோவில் ஏற்றியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நான் போனில் பேச்சுக் கொடுத்தேன். வழியெல்லாம் திட்டினார். நடுவில் அவர் சற்று நிறுத்தும்போதெல்லாம், “அப்புறம் நைனா? இன்னும் திட்டு” என்று கெஞ்சினேன்.