பதினோரு எண்ணெய் பாக்கெட்

ஆபரேஷன் தையலைக் காட்ட இன்று மகனோடு கிளினிக் போயிருந்தேன். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாதாம்.

வீட்டில் தராசு இல்லை. ஐந்து கிலோவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஈசி லா அக்கா. ஒரு கிலோ எண்ணெய் பாக்கெட் இருக்குல்ல, அதுல அஞ்சு. அவ்ளோதான்."

"என் மகனே பதினோரு கிலோம்மா."

"அப்ப பதினோரு பாக்கெட். தூக்கவே தூக்காதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

படகுத்துறை ஜெட்டிக்குப் போகும் பஸ் வந்தது. படி உயரம், பின்னால் கூட்டம். பதினோரு பாக்கெட்டும் இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, தூக்கு" என்றது.

தூக்கினேன். தையல் சுரீரென்றது.

எண்ணெய் பாக்கெட் மாதிரி வைத்த இடத்திலேயே ஆறு வாரம் இருக்கும் பிள்ளையை யாராவது வளர்த்திருந்தால், எப்படி என்று கமெண்டில் சொல்லுங்கள்.