மாமியார் கேட்ட கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட கீழ்த்திசைத் துறைமுகம் ஒன்றுக்குப் போய்த் தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். அங்கே மூட்டை தூக்கும் நம் ஆட்களை மேஸ்திரிகள் அடிப்பதை எழுதினார். விசாரணைகூட இல்லாமல் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

இங்கே அவர் மனைவிக்கு நிறைமாதம். சோறு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மீன் விற்பவர். மருமகனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மீன் மடிக்கக்கூட ஒதவாத பேப்பரு" என்று பத்திரிகையையும் சேர்த்துத் திட்டுவார்.

சென்னையில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக இருந்த கான்சலுக்கு நாங்கள் மனு மேல் மனு போட்டோம். பதிலே இல்லை. மகள் அழுவதைப் பொறுக்கமாட்டாமல், "வா நைனா, நேர்ல கேட்டுக்கினு வருவோம்" என்று அந்த அம்மாள் கூடையோடு கிளம்பிவிட்டார். ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளன்.

கான்சல் அலுவலக வாசலில் சேவகன் தடுத்தான். அம்மாள் அவன் காலடியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே மத்தி மீன். வெயில் ஏற ஏற வாடையும் மாடிக்கு ஏறியிருக்க வேண்டும். சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள்.

"இன்னா தொர, எம் மருமவன இன்னாத்துக்கு உள்ள வெச்சிக்கிறீங்க? ஒரு காயிதம் போட்டா பதிலு போடத் தெரியாது?"

"தங்கள் கருணையைப் பணிவோடு வேண்டுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவன் எய்தினது பொய்யா, நெசமா? பொய்யின்னா சொல்லு, நானே வெளக்கமாத்தால சாத்தறேன். நெசம்னா, அட்ச்சவன வுட்டுட்டு எய்தினவன உள்ள போட்டா அது இன்னா நாயம்?"

"தங்கள் நீதியில் இவருக்குப் பெரும் நம்பிக்கை" என்றேன்.

கான்சல் துரை என் பக்கம் திரும்பி, தமிழிலேயே, "அவங்க அப்படிச் சொல்லலையே?" என்றார். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவராம்! எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாள் அசரவில்லை. "தமிழு தெரியுதில்ல? பதிலு சொல்லு."

துரை மேஜைமேல் இருந்த காகிதத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார். "நீங்க கேட்டத அப்படியே அங்க எழுதிக் கேக்கறேம்மா" என்றார்.

கேட்டார். பிறந்த பேத்தி குப்புற விழுமுன் நண்பர் விடுதலையாகிக் கப்பலில் வந்து இறங்கினார். தாடியும் எலும்புமாக நின்றவரை மாமியார் ஏற இறங்கப் பார்த்தார்.

"மறுபடியும் எய்துவியா?"

"எழுதுவேன்."

"மொதல்ல வூட்டுக்கு வா. துன்னுட்டு எய்து" என்று மருமகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்குக் கண் கலங்கியது.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சுகளை அச்சுக் கோத்துவிட்டேன். ஆனாலும், எழுதியவரை உள்ளே போட்டார்கள் என்று எங்கே செய்தி வந்தாலும், அந்த அம்மாள் கேட்டதை நேரில் போய்க் கேட்க யாராவது கிளம்பினார்களா என்றுதான் மனம் தேடுகிறது.