முட்டைக்குத்தான் பர்மிட், குஞ்சுக்கு இல்லை

அரக்கு உருகும் வாசனை... மூக்கில் ஏறும், ஆனாலும் பிடிக்கும். எங்கள் ஆபீஸ் முழுக்க அந்த வாசனைதான்.

எழுபதுகளின் கடைசி. அடையாறில் ஒரு பழைய பங்களாவில் சர்க்கார் ஆபீஸ். அதில் நான் டைப்பிஸ்ட். ராயப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து சேருவேன். வனவிலங்கைப் பிடிக்க, வளர்க்க, ஆராய்ச்சி பண்ண, எதற்கும் எங்களிடம்தான் பர்மிட் வாங்க வேண்டும்.

கடல் ஆமை அப்போதுதான் அந்தச் சட்டத்துக்குள் வந்திருந்தது. அதற்கு முன்னால் ஆமை முட்டையைக் கூடையில் வைத்து விற்றதை நானே பார்த்திருக்கிறேன். திடீரென்று தொட்டாலே குற்றம் என்றால் யாருக்குப் புரியும்? எங்கள் சூப்பிரண்டுக்கு மட்டும் நன்றாகவே புரிந்தது. அவருக்கு ரூல்தான் சாமி. லஞ்சம் வாங்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார்.

ஒருநாள் காலை வைதேகி வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், காலேஜில் ஆராய்ச்சி மாணவி. கடற்கரையில் ஆமை இடும் முட்டைகளை, நாய் தோண்டாத இடத்தில் மாற்றிப் புதைத்து, எத்தனை பொரிகிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. பர்மிட் கேட்டு மாதக்கணக்காகியும் பதில் இல்லை. முட்டையிடும் சீசனோ முடியப் போகிறது.

அதனால் என்ன செய்தாள் தெரியுமா... நாய் தோண்ட ஆரம்பித்திருந்த ஒரு குழியிலிருந்து முட்டைகளை எடுத்து, மணல் நிரப்பிய தேயிலைப் பெட்டியில் வைத்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, நேராக எங்கள் ஆபீஸுக்கே கொண்டு வந்துவிட்டாள். கண்ணால் பார்த்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளாம். பாவம்.

சூப்பிரண்ட் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பர்மிட் இல்லாமல் எடுத்தது குற்றம் என்று சொல்லி, அங்கேயே அதைப் பறிமுதல் செய்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதவி கேட்டு வந்தவளிடமே பறிமுதலா?

பெட்டியின் வாயைக் காடாத் துணியால் கட்டி, நாலு பக்கமும் அரக்கு முத்திரை வைத்து, ரெக்கார்டு ரூமில் ஃபைல்களுக்கு நடுவே தள்ளிவிட்டார்கள். கவிழ்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று மட்டும் வைதேகி கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் வாராவாரம் வந்தாள். பர்மிட் வந்ததா என்று கேட்பாள், துணிமேல் தண்ணீர் தெளிப்பாள், போவாள். முத்திரையைத் தொடக்கூடாதே தவிர, தண்ணீர் தெளிப்பதைப் பற்றி ரூலில் எதுவும் இல்லை என்று சூப்பிரண்டே சொல்லிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷரிடம் ஒரு நியாயம் இருந்தது. அப்படி வந்து போனதில்தான் அவளும் நானும் சிநேகிதிகளானோம்.

ஒருவழியாக மேலிடத்திலிருந்து சம்மதம் வந்தது. பர்மிட்டை டைப் அடித்ததே நான்தான். ஆராய்ச்சிக்காக ஆமை முட்டைகளை வைத்துக்கொள்ள அனுமதி என்று இரண்டே வரி. வைதேகி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

பெட்டியை எடுத்துவரப் போன பியூன் கன்னியப்பன், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார்... உள்ள இன்னாவோ சுரண்டிக்கினு கீது."

சூப்பிரண்ட் முத்திரையை உடைத்துத் துணியை விலக்கினார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள்... பெட்டி கொள்ளாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. வைதேகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூப்பிரண்ட் பர்மிட்டைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இதுல முட்டைன்னுதானேம்மா போட்டிருக்கு. இது குஞ்சு. குஞ்சுக்குத் தனியா அப்ளை பண்ணணும்."

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். கடலுக்குப் போகாவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர்.

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"சரி சார், எனக்கு பர்மிட் இல்லை. இதுகளை இங்க வெச்சுண்டிருக்கேளே, உங்களுக்கு பர்மிட் இருக்கா?"

சூப்பிரண்டின் முகம் வெளுத்துப் போனது. ரூல் புத்தகத்தைப் புரட்டினார். பறிமுதல் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அதிலும் முட்டை என்றுதான் இருந்தது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லு" என்றார்.

மணல் சுடும், சாயங்காலம் கடலில் விடலாம் என்றாள் வைதேகி. பர்மிட் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அலை தொடுகிற ஈர மணலில் பெட்டியைச் சாய்த்தோம். காக்கைகள் வந்துவிட்டன. எங்கள் சூப்பிரண்ட் ஷூவோடு தண்ணீரில் இறங்கி, குடையைச் சுழற்றி, "ஏய்... ஏய்..." என்று கத்திக்கொண்டு ஓடினார். வாயைத் திறந்து அவர் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடைசிக் குஞ்சு போன பிறகும் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வைதேகியின் அந்த வருஷ ஆராய்ச்சி போனது போனதுதான். அடுத்த வருஷ பர்மிட்டில் "முட்டைகள் மற்றும் குஞ்சுகள்" என்று சூப்பிரண்டே திருத்திக் கொடுத்தார்.

இப்போது நான் பெசன்ட் நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன ஜனவரியில் ஒரு காலை, வாக்கிங் போனபோது கரையில் ஆமைகள் கிடந்தன. பெரிய பெரிய ஆமைகள், கண் பிதுங்கி, வரிசையாக... எல்லாம் செத்தவை. வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்திருக்கும் என்றார்கள். ஒரு பெட்டி முட்டையை எடுத்ததற்கு அன்றைக்கு எத்தனை கேள்வி கேட்டோம். இத்தனை சாவுக்கு அங்கே கேட்க ஆளில்லை. ஜனங்கள் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து வைதேகிக்கு ஃபோன் போட்டேன். பெங்களூரில் பெண்ணோடு இருக்கிறாள். கரையில் பார்த்ததைச் சொன்னேன்.

"முட்டையிட வந்ததுகளா இருக்கும்" என்றாள். அப்புறம், "அதுல நம்ம பெட்டில பொறந்தது ஏதாவது இருக்குமோடி?"

இருக்காதுடி என்று சொல்லிவிட்டேன். எனக்கென்ன தெரியும்...